டப்பாவுக்குள் வண்டு: கிடார் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எழுபதுகளின் ஹார்ட் ராக் கிடார் சத்தத்தைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் தந்திருக்கிறோம்.

எஸ்.ஜி. வடிவக் கிடார், 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருக்கிறேன். ஏசி/டிசி ராக் குழு மாதிரி வாசிக்க ஆசை. டிஸ்டார்ஷன் குமிழை முழுக்கத் திருப்பியும் டப்பாவுக்குள் வண்டு பறக்கிற சத்தம்தான் வருகிறது. பெடலை மாற்ற வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

பெடல் இருக்கட்டும். முழுக்கத் திருப்பிய அந்தக் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். கோளாறு அங்கேதான்.

ஏசி/டிசியின் ஆங்கஸ் யங் கையில் இருப்பது ஹம்பக்கர் பிக்கப் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள்; கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப்) கொண்ட கிப்சன் எஸ்.ஜி. அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் மார்ஷல் 100 வாட் டியூப் (வால்வு) ஆம்ப். 'சூப்பர் லீட் 1959' என்பார்கள். 1959 என்பது மாடல் எண், வருடம் அல்ல. மார்ஷல் ஆம்ப் பிறந்ததே 1962-இல்தான். அதில் மாஸ்டர் வால்யூம் (கடைசிச் சத்தத்தை மட்டும் தனியாகக் குறைக்கும் குமிழ்) கிடையாது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, கடைசிக் கட்டத்து இ.எல்.34 வால்வுகள் திணறி, அலையின் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். பிக் கம்பியில் படும் 'டக்' மட்டும் தெளிவாக நிற்கும். உங்கள் பெடல் அதே அலையை உச்சியில் கத்தரித்துச் சதுரமாக்குகிறது. டக் போய்விடுகிறது, மிச்சம் இருப்பது வண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இசைத்தட்டுகளில் நீங்கள் கேட்பது ஒரு கிடார் அல்ல, இரண்டு. அண்ணன் மால்கம் யங் கிரெட்ஷ் கிடாரில் தடித்த கம்பி கட்டி, தம்பியை விடவும் குறைந்த கெயினில் (ஒலியை உடைக்கும் அளவு) தாளம் அடித்தார். இருவர் சேர்ந்து கொடுக்கும் கனத்தை ஒரே கிடாரில் தேடினால் கை தானாகக் கெயின் குமிழுக்குத்தான் போகும்.

ஆம்பைக் கிளீன் சேனலில் வையுங்கள். பேஸ் 4, மிட் 8, டிரெபிள் 5. பெடலில் டிஸ்டார்ஷன் கடிகார முள் 9 மணிக்கு, டோன் 11 மணிக்கு, லெவல் 2 மணிக்கு. கிடாரில் பிரிட்ஜ் பிக்கப் (கம்பிகள் முடியும் பக்கத்தில் இருப்பது), வால்யூம் 10. இப்போது 'ஏ' மேஜர் கார்டை முழுதாக மீட்டுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் கெயின் சரி. கூழாகக் கேட்டால் இன்னும் குறையுங்கள். கிடார் வால்யூமை 6-க்கு இறக்கினால் சத்தம் ஏறக்குறைய சுத்தமாக வேண்டும். 10-க்குப் போனால் கடிக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காத செட்டிங் எழுபதுகளின் செட்டிங் அல்ல.

மிட்டை 8-இல் வைக்கச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். தனியாக அறையில் வாசிக்கும்போது மிட் குறைந்த சத்தம்தான் பெரிதாகத் தெரியும். டிரம்ஸ் சேர்ந்ததும் அது காணாமல் போகும். மைக் இல்லாமலே நாகஸ்வரம் நாலு தெருவுக்குக் கேட்கிறதே, அதன் பலம் காது கூர்மையாகக் கேட்கிற நடு அலைவரிசையில் குவிந்திருப்பதால்தான். அடிப்பகுதியைத் தவில் பார்த்துக்கொள்கிறது. கிடாருக்கும் அதுவே கணக்கு: அடிப்பகுதி பேஸ் கிடாரின் வேலை. பல டிஸ்டார்ஷன் பெடல்களின் டோன் குமிழ் நடுவில் இருக்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஆம்பின் மிட்டைக் கூட்டுவது அந்தப் பள்ளத்தை மூடத்தான். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பச்சைப் பெடல் நேர் எதிர். அது 720 ஹெர்ட்ஸ் சுற்றி மேடு கட்டும். அது கையில் இருந்தால் மிட் 5 போதும்.

வாசிப்பது பவர் கார்டா, முழுக் கார்டா என்பதும் முக்கியம். பவர் கார்டு என்பது வேறொன்றுமில்லை, ச–ப. தம்புரா தெரிந்த ஊருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 'ஏ' 110 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 165. டிஸ்டார்ஷன் இரண்டின் வித்தியாசத்தையும் ஒரு புது ஒலியாக உண்டாக்கும்: 55 ஹெர்ட்ஸ். அது அதே 'ஏ'யின் கீழ் ஸ்தாயி. அதனால்தான் இரண்டே கம்பியில் அத்தனை கனம். அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்: சுத்தமான காந்தாரம் 137.5-இல் இருக்க வேண்டும், ஃப்ரெட் போட்ட கிடார் தருவதோ 138.6. இதன் நாலு மடங்கு மேல்சுரம் 554, 'ஏ'யின் ஐந்து மடங்கு மேல்சுரம் 550. இரண்டும் வினாடிக்கு நாலு தடவை முட்டிக்கொள்ளும். கெயின் கூடினால் முட்டல் பூதாகாரமாகும். முழுக் கார்டு வாசிக்கும் இடத்தில் கெயினைக் குறைப்பது இதற்காக.

பிரிட்ஜ் பிக்கப் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தபடி, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மி.மீ., தடித்த பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம். ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஒரு ஸ்டூலில், சுவர் மூலையை விட்டுத் தள்ளி வையுங்கள். பிக் 1 மி.மீ. தடிமன். இவ்வளவுக்கும் செலவு பிக் விலை மட்டும்தான்.

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி பயன்படுத்திய ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டரை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டு நானே கட்டினேன். காலையில் அற்புதமாகப் பாடுகிறது. பிற்பகலில் சத்தம் அடைத்து, பிய்ந்துபோகிறது. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் போட்டால் எதுவுமே வேலை செய்வதில்லை.
— வாசகர், பட்டுக்கோட்டை

இரண்டும் வெவ்வேறு கோளாறு.

பிற்பகல் கோளாறுக்கு வெயில்தான் காரணம். ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் இரட்டிப்பாகும். காலை 28 டிகிரியில் பயஸ் (டிரான்சிஸ்டரின் ஓய்வு நிலை வோல்டேஜ்) வைத்துவிட்டு மதியம் ஓட்டுக் கொட்டகையில் 38 டிகிரியில் வாசித்தால் அது வேறு சர்க்யூட். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளங்கள். 9 வோல்ட் பேட்டரியில் 7 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும் (பி.என்.பி. என்பதால் மைனஸ்). மதியம் அது 5-க்கோ 4-க்கோ இறங்கியிருக்கும். டிரான்சிஸ்டரின் பேஸ் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 100 கிலோ ஓம் ட்ரிம்பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு, உங்கள் ஊரின் பிற்பகல் சூட்டில் 7 வோல்ட் வரும்வரை குறையுங்கள். சட்டியில் வடை வேகும் பக்கத்தில் பெடலை வைத்து அளக்க வேண்டாம், வெறும் அறைச் சூடு போதும். மதியம் சரி செய்தது மறுநாள் காலை கொஞ்சம் மெலிவாகக் கேட்கும். அது பரவாயில்லை, மெலிவு மேடையில் தாங்கும், அடைப்பு தாங்காது.

எங்கள் கருத்து கேட்டால், டெல்டா வெயிலுக்கு ஜெர்மானியம் வீண் பிடிவாதம். பி.சி.549சி போன்ற சிலிக்கான் என்.பி.என். போட்டு, 470 கிலோ ஓம், 3.9 கிலோ ஓம், 10 கிலோ ஓம் பாட் எல்லாவற்றையும் அப்படியே விட்டு, 68-ஐ மட்டும் 82 கிலோ ஓம் ஆக்கினால் கலெக்டரில் 7 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். வருடம் முழுக்க நகராது. என்.பி.என்.னுக்கு மாறும்போது பேட்டரியின் பிளஸ், மைனஸ் இரண்டையும், எமிட்டரோடு இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரையும் திருப்பிப் போட மறக்காதீர்கள். எஃப்.எம். வானொலி கூடவே பாடினால் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 47 பிகோ ஃபாரட். ட்ரெபிள் பூஸ்டரின் குணம் டிரான்சிஸ்டரில் பாதிகூட இல்லை. வாசலில் நிற்கும் 0.005 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் தாழ்ந்த சுரங்களை வடிகட்டி, மேலே உள்ளதை மட்டும் ஆம்புக்குள் முட்டித் தள்ளுகிறதே, அதுதான் விஷயம்.

இரண்டாவது கோளாறு: பி.என்.பி. ரேஞ்ச்மாஸ்டர் பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது பேட்டரியின் பிளஸ் கிரவுண்டோடு சேரும். மற்ற பெடல்கள் நெகட்டிவ் கிரவுண்ட். ஒரே அடாப்டரின் கிளைகளில் இரண்டையும் மாட்டினால், ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாகப் பிளஸும் மைனஸும் ஷார்ட். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு அணைந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தனி பேட்டரி கொடுங்கள், அல்லது சிலிக்கானுக்கு மாறுங்கள்.

ஆம்பில் எப்போதும் 'ம்ம்' என்ற இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. இன்னொரு சங்கதி: பாடிக்கொண்டே வாசிக்கும்போது உதடு மைக்கில் பட்டால் சுரீர் என்கிறது.
— வாசகர், திருவாரூர்

இரண்டாவதை முதலில் பார்ப்போம், அது உயிர் சம்பந்தப்பட்டது.

கிடார் கம்பி உங்கள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. மைக் வலை சவுண்ட் சர்வீஸ் மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. இரண்டு பெட்டிகளும் வேறு வேறு பிளக்கில், ஒன்றில் எர்த் இல்லாமல் இருந்தால், நடுவில் நிற்கும் நீங்கள்தான் வயர். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக்கைத் தொடாதீர்கள். 90 முதல் 115 வரை காட்டினால் பெரும்பாலும் எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர் ஒன்றின் ஃபில்டர் கெப்பாசிட்டர் கசிவு. சுரீர் என்னும், மின்னோட்டம் மிகக் குறைவு. 200-ஐத் தாண்டினால் எங்கோ லைன் உடம்புக்கு வருகிறது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் குறைகிறதே என்று எர்த் பின்னை வெட்டும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் அது கூடாது. மேடை முழுவதற்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதன் தலையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), இதுதான் முறை. ஜெனரேட்டர் ஓடும் திருவிழா மேடையில் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைவது நல்ல அறிகுறி. கிடாரின் கிரவுண்ட் வயர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் உடம்பு ஆன்டெனாவாகப் பிடித்ததைக் கம்பி வடித்துவிடுகிறது. தொட்டால் அதிகமானால்தான் பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கும். உங்களுக்குத் தேவை ஷீல்டிங்: பிக்கப் குழி, பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் உள்பாகம்) குழி இரண்டின் உட்சுவரிலும் காப்பர் ஃபாயில் டேப் ஒட்டி, துண்டுகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் ஒரு பொட்டு ஈயம் வைத்து, ஒரு வயரைப் பாட்டின் முதுகில் சேருங்கள். மல்டிமீட்டரில் எல்லா மூலைக்கும் 'பீப்' கேட்க வேண்டும். ஜாக்கின் சிக்னல் முனை ஃபாயிலைத் தொட்டுவிட்டால் சத்தமே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்.

இரைச்சலின் குரலையும் கேளுங்கள். அடித்தொண்டையில் 'ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிறீர்கள் அல்லது கிரவுண்ட் லூப் (இரண்டு வழியில் எர்த் சேர்ந்து உண்டாகும் வளையம்). 'ஜ்ர்ர்' என்று கீறினால் ஃபேன் ரெகுலேட்டர், சதுர அலை இன்வெர்ட்டர், சீரியல் செட் விளக்கு. கிரவுண்ட் லூப் ஹம்பக்கருக்கு அடங்காது; அதைப் பிளக்கில்தான் தீர்க்க வேண்டும்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் கிடாரை மல்டி எஃபெக்ட் பெடலிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுக்கிறேன். ஹெட்ஃபோனில் தேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஹார்ன் வழியாக வந்தபோது ஊரே காதைப் பொத்தியது. ஹெட்ஃபோனில் கேட்டதுதானே வெளியேயும் வர வேண்டும்?
— வாசகர், மன்னார்குடி

12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறக்குறைய ஊமை. செலஸ்டியன் 'கிரீன்பேக்' போன்ற 25 வாட் ஸ்பீக்கர் நாலு போட்ட மரப்பெட்டிதான் எழுபதுகளின் சத்தத்தில் பாதி. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கரகரப்பையெல்லாம் அந்தக் காகிதக் கூம்பு விழுங்கிவிடும். மேடை ஹார்ன் 15 கிலோ ஹெர்ட்ஸ் வரை அப்படியே துப்பும். உங்கள் பெடலில் ஹெட்ஃபோன் வழிக்கு மட்டும் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் போலி) ஓடி, லைன் அவுட்டில் அணைந்திருக்கலாம். குளோபல் மெனுவில் 'அவுட்புட்' பகுதியைப் பாருங்கள்; ஆம்புக்கு என்று இருந்தால் லைனுக்கு மாற்றுங்கள்.

ஐ.ஆர். கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் பதிந்து வைத்தது) ஏற்றும் வசதி இருந்தால் 4x12 கிரீன்பேக், எஸ்.எம்.57 மைக் என்று குறித்தது ஒன்றை ஏற்றுங்கள். லோ கட் 100, ஹை கட் 6,000 ஹெர்ட்ஸ். பெடலில் எந்த வசதியும் இல்லையென்றால் மிக்சரிலேயே சமாளிக்கலாம்: லோ கட் பொத்தான் அழுத்தி, ஹை குமிழ் முழுக்கக் கீழே, நகரும் மிட் இருந்தால் 3.5 கிலோ ஹெர்ட்ஸில் வைத்து 5 டெசிபல் குறையுங்கள். சவுண்ட்காரரிடம் "டிரெபிளைக் குறையுங்க அண்ணே" என்றால் எந்த டிரெபிள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்ணைச் சொல்லுங்கள்.

ஆம்ப் கொண்டுபோக முடிந்தால் ஒரு மைக் இன்னும் சுலபம். துணியிலிருந்து இரண்டு விரல் தூரம், கூம்பின் நடுவில் இருக்கும் மூடிக்கும் காகிதத்துக்கும் சந்திப்பில். நடுவுக்கு நேரே வைத்தால் கத்தும், ஓரத்துக்குப் போனால் மங்கும். ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே பெடல் மாற்றியது போல மாறும். முதலில் இதைச் செய்து பார்க்காமல் யாரும் ஈக்யூவைத் தொட வேண்டாம்.

கிடாரைப் பெடல் இல்லாமல் நேராக மிக்சரின் லைன் உள்வாயில் செருகுவது தனிப் பாவம். லைன் உள்வாய் 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். பிக்கப்புக்கு வேண்டியது 1 மெகா ஓம். சத்தம் போர்வை போர்த்தியது போல் வரும். இடையில் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (கிடாரை மிக்சருக்குப் பொருத்தும் சிறு பெட்டி) வையுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டரில் பதிவு செய்பவர்களுக்கும் இதே ஐ.ஆர். கணக்குதான். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பொத்தானை அழுத்தி, பலமாக அடித்தால் மைனஸ் 12 டெசிபல் தொடும்படி வையுங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி வினாடி. போக வர எல்லாம் சேர்ந்து 10-க்குள் இருந்தால் ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பது மாதிரிதான், கை தடுமாறாது. நியூரல் ஆம்ப் மாடலர் இலவசமாகக் கிடைக்கும்போது திருட்டு மென்பொருள் தேடுவானேன்? ரிதம் கிடாரை இரண்டு தடவை வாசித்து இடம், வலம் பிரியுங்கள். ஒரே பதிவைக் காப்பி செய்து இரு பக்கம் போட்டால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும்.

ராக் கிடார்க்காரர் எட்டி வான் ஹேலன் மாதிரி வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து டியூப் ஆம்பின் வோல்டேஜைக் குறைத்தால் அந்தப் பழுப்பு டோன் வருமாமே?
— வாசகர், மயிலாடுதுறை

1978-இல் வந்த முதல் தட்டின் சத்தத்துக்குப் பின்னால் வேரியாக் இருந்தது உண்மை. அமெரிக்க 120 வோல்ட்டை 90 பக்கம் இறக்கினார். விகிதம் பார்த்தால் நம் 230-க்கு அது 172. அப்போது வால்வின் ஹீட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட் 4.7 ஆகிவிடும். ஹீட்டர் பொதுவாகத் தாங்குவது 10 சதவீத ஏற்ற இறக்கம், அதாவது 5.7 வரை. அதற்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் கேத்தோடு பூச்சு கெடும். கடைகளில் கிடைக்கும் வேரியாக் 270 வோல்ட் வரை ஏறும் என்பது இன்னொரு ஆபத்து. கவனமில்லாமல் கை பட்டால் போதும்.

நம் பக்கத்தில் கோடை மாலையில், பம்ப்செட்டும் ஏ.சி.யும் ஒன்றாக ஓடும் நேரத்தில், ஈ.பி.யே வேரியாக் வேலை பார்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஆம்ப் மென்மையாகக் கேட்பதை அனுபவித்திருப்பீர்கள். ஆம்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஸ்டெபிலைசர் போடுங்கள், வேரியாக்கை விடுங்கள். சத்தத்தை வீட்டளவுக்குக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் 5 வாட் ஆம்ப் வாங்குங்கள். 100 வாட்டுக்கும் 5-க்கும் வித்தியாசம் 13 டெசிபல்; காதுக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு, இருபது மடங்கு அல்ல. 100-ஐ விற்று 50 வாங்குகிறவர்களுக்கு மிச்சமாவது வெறும் 3 டெசிபல்.

பழைய 50 வாட் டியூப் ஹெட் ஒன்று விலைக்கு வருகிறது. ஸ்பீக்கர் பெட்டி கையில் இல்லை. விளக்கு எரிகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்கலாமா?
— வாசகர், திருச்சி

கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் கிடாரை அடித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜ் எகிறி, உள்ளேயே தீப்பொறி தாவி எரிந்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இது நேர் எதிர்: திறந்து விட்டால் பரவாயில்லை, ஷார்ட் ஆனால் போச்சு. ஒரு 8 ஓம் பெட்டியை இரவல் வாங்கிப் போங்கள். பின்பக்கச் சுவிட்சை 8-இல் வையுங்கள். இரண்டு 8 ஓம் பெட்டியைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம். ஹெட்டிலிருந்து பெட்டிக்குக் கிடார் கேபிள் போடாதீர்கள்; 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி. அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் டியூப் டிவி பார்த்த மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுங்கள், அவருக்கு அந்த மரியாதை தெரியும்.

கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. பத்தே நாளில் கம்பி துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

எண்ணெய் அழுக்கைச் சேர்த்துச் சத்தத்தை மழுக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் நுழைத்துத் துடையுங்கள், உப்பு தங்குவது அடிப்பக்கத்தில்தான். கோட்டிங் போட்ட கம்பி விலை கூட. உங்கள் ஊரில் அது லாபம். 9–42 செட் (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரையான தடிமன்) போதும். கிடாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் பையோடு. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பையை வாரம் ஒரு முறை வெயில் கிடைக்கும்போது காய வையுங்கள். வால்யூம் பாட் கரகரத்தால் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்புங்கள். சாதாரண துரு நீக்கும் ஸ்ப்ரே அதற்கு ஆகாது; பிசுபிசுப்பை விட்டுப் போகும்.

பத்து வருடம் வீணை கற்றவன். ஹார்ட் ராக் சோலோ வாசிக்கும்போது கம்பியை இழுத்தால் சுருதி தாண்டிவிடுகிறது. ட்யூனிங்கும் நிற்பதில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

வீணையில் மெழுகின் மேல் நிற்கும் மெட்டு உயரம். தந்தியை அழுத்தியே சுருதியை ஏற்றலாம், கைக்கு அந்தப் பழக்கம் ஊறியிருக்கும். எலக்ட்ரிக் கிடாரில் 9 அளவுக் கம்பிக்கு அந்த அழுத்தமே கால் சுரம் ஏற்றிவிடும். பாதி பலத்தில் தொடுங்கள். டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் ஃப்ரெட்களுக்கு நடுவே மரத்தைக் குடைந்த ஸ்கேலப் கிடார் வைத்திருந்தார். உங்கள் விரலுக்கு அது வீட்டுக்கு வந்தது போல இருக்கும். ஆனால் முதல் கிடாரில் குடைய வேண்டாம்.

பயிற்சி: மூன்றாவது கம்பியில் 9-ஆவது ஃப்ரெட்டை அடித்து அந்தச் சுரத்தை மனதில் பிடியுங்கள். பிறகு 7-ஆவதில் மோதிர விரலை வைத்து, முன்னால் இரண்டு விரலைத் துணைக்கு நிறுத்தி, மேல்நோக்கித் தள்ளி அதே சுரத்தைத் தொடுங்கள். விரல் அல்ல, மணிக்கட்டு திரும்ப வேண்டும். வைப்ரேட்டோவிலும் வித்தியாசம் உண்டு. கம்பிதத்தில் ஸ்வரம் இரு பக்கத்துக்கும் இடையே ஊசலாடும்; ராக் கிடாரில் அடி ஸ்வரத்துக்கு ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து தொட வேண்டும். மேலே போய் மேலேயே நின்றால் சுருதி தாண்டியது போலத்தான் கேட்கும்.

ட்யூனிங் நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் நட் (கிடாரின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளங்கள் கொண்ட பட்டை). கம்பியை முறுக்கும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டால் பள்ளத்தில் சிக்குகிறது. கம்பியைத் தளர்த்தி, 2பி பென்சில் முனையால் பள்ளத்தை நாலு தடவை தேயுங்கள். புதுக் கம்பி போட்டதும் ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்து, ட்யூன் செய்து, மறுபடி இழுத்து, சுருதி இறங்காத வரை செய்யுங்கள். அதன் பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் அழுத்திய ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) பின்னுக்கு, இறங்கி நின்றால் முன்னுக்கு நகர்த்துங்கள். அளக்கும்போதும் வீணை அழுத்தம் கொடுத்தீர்களானால் ஆறு சேடிலையும் தப்பாக வைத்துவிடுவீர்கள்.